உப்பு வரும் வழிகள்: கடலோரத் தெருவில் வீடும் கிணறும்

ஓதம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடல் ஏறி இறங்குவது ஒன்று. தரையிலும் சுவரிலும் ஊறும் ஈரம் இன்னொன்று. கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. கடல் தினமும் உப்பாக வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. காற்றில் வருகிறது, நிலத்தடியில் வருகிறது, மழைநீர் வடிகால் வழியாகவும் வருகிறது. காற்றில் வருவதை அந்தந்த வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் தெருவே சேர்ந்து செய்தால்தான் ஆகும். கடலோரக் குடியிருப்பு எதற்கும் இதைவிட அவசரமான பொதுக்காரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் காற்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அலை உடைந்து நுரைக்கும்போது எண்ணற்ற குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் எறிகின்றன. பெரிய துளிகள் கரையை ஒட்டியே விழுந்துவிடும். நுண்ணியவை கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போகும். அதனால்தான் கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டுக் கேட் இரண்டு வருடத்தில் பொரிந்துபோக, நாலு தெரு தள்ளி இருப்பது அதே பெயின்டோடு நன்றாகவே நிற்கிறது.

விழுந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே ஈரமாகிவிடும். கடலோரத்தில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆக, மாடிப்படிக் கைப்பிடி காய்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும் அதன்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் எப்போதும் இருக்கிறது. உலர்ந்த துணியால் துடைப்பது உப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான். கழுவத்தான் வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம்: மழை படும் இடம் பிழைத்துக்கொள்ளும், மழை படாத இடம்தான் முதலில் அரிக்கும். மழை நல்ல தண்ணீர். உப்பை இலவசமாகக் கழுவிவிடுகிறது. சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனிக் கூரையின் உள்பக்கம், போர்ட்டிகோவில் நிற்கும் வண்டியின் அடிப்பாகம், மீட்டர் பெட்டியின் பின்புறம், ஜன்னல் கிராதியின் உள்முகம் இவற்றில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். வீட்டைச் சுற்றி வந்து மழை நனைக்காத இரும்பெல்லாம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் கழுவ வேண்டியவற்றின் பட்டியல் கையில் கிடைத்துவிடும்.

கடலை நேராகப் பார்க்கும் பக்கத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் மற்ற பக்கங்களை மாதம் ஒருமுறையும் கழுவினால் போதும். புயல் காற்றோ பலத்த கடல்காற்றோ அடித்து ஓய்ந்தால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம், மறுநாளே கழுவிவிடுங்கள். சாதாரண ஹோஸ் தண்ணீர், மேலிருந்து கீழாக. அழுத்தப் பம்பு கூடாது. அது உப்பை இணைப்புகளுக்குள்ளும் கீல்களுக்குள்ளும் செலுத்திவிடும். அங்கிருந்து பிறகு எடுக்க முடியாது. இன்னொரு எச்சரிக்கை: வீட்டுக் கிணறே உவர்த்திருந்தால் அந்தத் தண்ணீரில் கழுவுவது உப்பைப் பூசுவதுதான். நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு வாளியும் நனைத்த துணியும் போதும். துணியை அடிக்கடி அலசி, தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள்.

ஏசியின் வெளி யூனிட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். செம்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் ஒட்டியிருக்கும் பொருள் அது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் நின்றால் அலுமினியம் பலியாகும். தகடு வெள்ளைப் பொடியாக உதிர, குளிர்ச்சி குறைந்து மின்கட்டணம் ஏறும். பிரேக்கரை அணைத்துவிட்டு மெல்லிய தண்ணீர் விட்டு, தகடுகளின் போக்கிலேயே கழுவ வேண்டும். குறுக்கே பிரஷ் போட்டால் தகடு மடங்கிக் காற்றை அடைத்துவிடும். யூனிட்டைச் சுவரோடு ஒட்டிப் பொருத்தாமல், கடல் திசைக்கு மறைவான பக்கத்தில் வைக்க இடம் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

எவர்சில்வர் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. 304 என்ற வகையில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316 வகையில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். கடற்காற்றைத் தாங்குவது அதுதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை மலிவு, ஆனால் கடலோரத்தில் சில மாதங்களிலேயே தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை படிந்துவிடும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. வாங்கும்போது தரச் சான்றைக் கேளுங்கள். பளபளப்பாக மெருகேற்றிய பரப்பில் உப்பு குறைவாகத் தங்கும். சொரசொரப்பான பரப்பில் பள்ளம்தோறும் தங்கும். கறையைப் போக்க இரும்பு நாரையோ கம்பி பிரஷையோ எடுத்துவிடாதீர்கள். அதன் துகள் பரப்பில் ஒட்டி, அதுவே துருப்பிடிக்கத் தொடங்கும். பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிட்டும் அதைவிட மோசம். இரண்டிலும் குளோரின் சேர்ந்திருக்கிறது. உப்பை அரிக்கும் பொருளாக்குவதும் அதுதான்; நாம் விரட்ட நினைப்பதே அதைத்தான்.

போல்ட், ஸ்க்ரூ விஷயத்தில் ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: பொருத்தும் ஆணி, பொருத்தப்படும் தகட்டைவிட மட்டமான உலோகமாக இருக்கக்கூடாது. பெரிய எவர்சில்வர் தகட்டில் சின்ன இரும்பு போல்ட்டைப் போட்டால், முழுத் தகட்டுக்கும் சேர்த்து அந்தச் சின்ன போல்ட் அரிபடும். திருப்பிச் செய்தால், அதாவது பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன எவர்சில்வர் ஸ்க்ரூ என்றால், அரிப்பு பரந்த பரப்பில் பரவி மெதுவாக நடக்கும். நடுவே நைலான் வாஷர் போட்டால் இன்னும் மெதுவாகும். துத்தநாகம் பூசிய ஆணிகளிலும் இரண்டு வகை உண்டு. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, பொதுவாக 40, 50 மைக்ரானுக்கு மேல் பூச்சோடு இருக்கும். மின்முலாம் பூசியது பளபளவென்று 10 மைக்ரான் அளவில்தான் இருக்கும். பூச்சு எத்தனை மடங்கு தடிமனோ ஆயுளும் ஏறக்குறைய அத்தனை மடங்கு. பளபளப்பைப் பார்த்து வாங்குபவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

பெயின்ட் அடிப்பதில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று, ஆனால் எல்லா இடத்திலும் நடக்கிறது: உப்பின்மேல் அடித்துவிடுவது. கேட்டை நேராக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உப்பு, துருவின் குழிகளுக்குள் போய் உட்காரும். அதன்மேல் எந்த உயர்ந்த பெயின்ட் அடித்தாலும், அடியிலிருக்கும் உப்பு, பெயின்ட் படலத்தின் வழியே ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக்கும். ஆகவே முதலில் கழுவு, பிறகு தேய், திரும்பக் கழுவு, காயவிடு, அதற்குப் பின்னரே பிரைமர். விளிம்புகளிலும் வெல்டிங் மூட்டுகளிலும் பெயின்ட் தானாகவே மெலிந்துவிடும். அங்கே மட்டும் பிரஷால் தனியாக ஒரு கோட் அடித்துவிட்டு முழுக் கோட் போட வேண்டும். நேரம் குறுகலானது: காலைப் பனி காய்ந்த பின், கடல்காற்று வலுக்கும் முன். ஒரு கோட் அடித்துவிட்டு மறுநாள் அடுத்ததைத் தொடர்ந்தால், நடுவே இரவெல்லாம் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துவிட்டு அடியுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையை யாரும் செய்வதில்லை. கோட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று தோலாக உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கம்பியும் காரையும்

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்காமல் இருக்கிறது? சிமென்ட் கடும் காரம், பிஎச் 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகிறது. உப்பிலிருக்கும் குளோரைடு உள்ளே ஊறி, சிமென்ட் எடையில் ஏறக்குறைய 0.4 சதவீதத்தை எட்டும்போது அந்தப் படலம் அங்கங்கே உடையும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து தள்ளும், காரை கம்பியின் போக்கிலேயே வெடிக்கும், பழுப்பு நீர் கசியும், கடைசியில் பலகையாகப் பெயர்ந்து விழும். கீழே யார் நிற்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. பால்கனி விளிம்பும் சன்ஷேடும் வருடம் ஒருமுறை சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று வெற்றொலி கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பிப் பெயின்ட் அடிப்பது நோயை மூடி மறைப்பதுதான். சரியான வேலை இப்படி இருக்கும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு, 20, 25 மில்லிமீட்டர், காரையை வெட்டியெடுக்க வேண்டும். துரு முடிந்து சுத்தமான கம்பி தெரியும்வரை நீளவாக்கில் போக வேண்டும். கம்பியின் முழுச் சுற்றையும் பளிச்சென்று தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, கம்பிக்கு உரிய பிரைமர் பூச வேண்டும். கம்பியின் கனத்தில் கால்வாசி போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும்; அதை ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்வதே முறை. அதன்பின் பாலிமர் கலந்த பூச்சுக் கலவையைப் படலம் படலமாக ஏற்றி, பல நாள் ஈரமாக வைத்து ஆற்ற வேண்டும்.

அப்படிச் செய்தும் ஓரிரு வருடத்தில் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வளையமாகப் புதுத் துரு கிளம்புவது உண்டு. கொத்தனாரைத் திட்டுவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய துருப்பிடித்த பகுதி தான் அரிபட்டு, பக்கத்துக் கம்பியை அதுவரை காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அந்தக் காவல் போய்விட்டது; பக்கத்துக் கான்கிரீட்டில் ஏற்கனவே ஊறிக் கிடந்த குளோரைடு வேலையைத் தொடங்குகிறது. ஒட்டின் விளிம்பில், கம்பியோடு கட்டிய சிறு துத்தநாகக் கட்டிகளைப் புதைத்தால் இரும்புக்குப் பதில் அவை கரையும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால்: கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் காரை, தண்ணீர் குறைந்த கலவை, கழுவாத கடல் மணல் ஒரு சட்டிகூடக் கூடாது, கலப்பதற்கும் ஆற்றுவதற்கும் உவர் தண்ணீர் கூடாது.

கிணறு

வீட்டு உப்பைவிடப் பெரிய கவலை இங்கேதான். கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீருடையது 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து வரும் கணக்கை 1880களின் இறுதியில் நெதர்லாந்துக்காரர் பாடோன் கைபனும் 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே எழுதினார்கள்: கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஒரு மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 20 மீட்டர் ஏறிவரும். உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

தண்ணீர் கரிக்க ஆரம்பித்ததும் போரை ஆழப்படுத்துவது வழக்கம். இதைவிடத் தலைகீழான வைத்தியம் கிடையாது. நல்ல தண்ணீர் மேலே இருக்கிறது, உப்பு கீழே இருக்கிறது. ஆழப்படுத்துவது உப்பை நோக்கிப் போவது. கடலோர மணல் நிலத்துக்கு ஏற்றது அகலமான, ஆழமில்லாத உறைகிணறு. சிறிய மோட்டார், மெதுவான இறைப்பு. ஒரு நாளைக்கு 1000 லிட்டர் வேண்டுமென்றால் ஒரே மூச்சில் இழுக்காமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்து எடுங்கள். வேகமாக இழுத்தால் மோட்டாருக்கு நேர் கீழே உப்புநீர் கூம்புபோல் எழும்பி உறிஞ்சுகுழாயைத் தொட்டுவிடும். அந்தக் கூம்பு எழும்ப ஆகும் நேரத்தைவிட, இறங்க ஆகும் நேரம் மிக அதிகம்.

கொதிக்கவைத்தால் உப்பு போகாது. தண்ணீர் ஆவியாகி உப்புதான் செறியும். தண்ணீரை மென்மையாக்கும் கருவி சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்க்கிறது, கரிப்பு குறையாது. ஆர்ஓ கருவி உப்பைப் பிரிக்கும், ஆனால் பிரித்த உப்புநீரை எங்கே விடுகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. தோட்டத்தில் விட்டால் அது மணல் வழியே திரும்பக் கிணற்றுக்குத்தான் வரும். கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம், தரை கழுவலாம். மண்ணில் மட்டும் விடாதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடும் மணலில் அதற்கு மேலும்.

மழைதான் ஒரே மருந்து. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1000 லிட்டர். ஆவியும் சிதறலும் போக 800 லிட்டராவது கைக்கு வரும். கடலோரத்தில் ஒன்றைக் கூடுதலாகச் செய்ய வேண்டும். நீண்ட கோடைக்குப் பின் வரும் முதல் மழை, மாடியில் மாதக்கணக்காகப் படிந்த உப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறது. முதல் இரண்டு மில்லிமீட்டரை, அதாவது இந்த மாடிக்கு 200 லிட்டரை, திருப்புக் குழாய் வழியே வெளியே விட்டுவிட்டுப் பிறகு உறிஞ்சுகுழிக்குத் திருப்புங்கள். குழியில் மணல், சரளை, கல் அடுக்கு. மேல் மணலை வருடம் ஒருமுறை எடுத்து அலச வேண்டும். அலசாத குழி இரண்டாம் வருடத்தில் வெறும் தொட்டியாகிவிடும்.

ஒரே வீடு மழைநீர் சேர்த்து, சுற்றிலும் பத்து வீடு பெரிய மோட்டார் போட்டு இழுத்தால் சேர்த்த நீர் அந்தப் பத்து கிணற்றுக்கும் போய்விடும். பத்து வீடும் சேர்த்தால் தெருவுக்கடியில் மட்டம் உயரும். தெருவில் மற்ற எந்தச் சண்டையையும் ஒத்திவைத்துவிட்டு இதை முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.

வடிகால்

கடலின் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருவது பெரும்பாலான கரைகளில் வழக்கம். ஆகவே ஏற்ற நேரம் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் பின்னால் ஏற்றம் மிக உயரும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் கூடும். புயல் சின்னத்தில் 20 குறைந்தால் 20 சென்டிமீட்டர், அதன்மேல் காற்று தள்ளும் நீர் வேறு. மழையும் உயர் ஏற்றமும் ஒன்றாக வந்தால் வடிகால் வாய் மூழ்கிவிடும். மழைநீர் போக வழியில்லாமல் கடல்நீர் எதிரே ஏறிவரும்.

வடிகால் வாயில், நீரை வெளியே மட்டும் விடும் ஒருவழிக் கதவு இருந்தால் அதன் பகை குப்பை. ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இடுக்கில் சிக்கினாலும் கதவு மூடாது, கடல்நீர் இரவெல்லாம் தெருவுக்குள் வரும். ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முந்தின நாள் வற்ற நேரத்தில் இரண்டு பேர் போய்ப் பார்த்தால் போதும். கால் மணி நேர வேலை. மணல்மேட்டையும் அதன்மேல் படரும் அடம்புக் கொடியையும் பாதைக்காக வெட்டிவிடாதீர்கள். பெரிய அலை ஏறிவரும்போது அந்தத் தாழ்ந்த வெட்டின் வழியாகத்தான் முதலில் வரும்.

கடல்நீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டால், தண்ணீரில் இறங்காமல் எட்ட முடிந்தால் மட்டுமே மெயின் சுவிட்சை அணையுங்கள். நனைந்த பிரேக்கரையும் பிளக் பெட்டியையும் காயவைத்துத் திரும்பப் போட வேண்டாம்; உள்ளே உப்பு தங்கிவிடும், மாற்றத்தான் வேண்டும். சுவரையும் இரும்பையும் உப்பு காய்வதற்கு முன்பே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிணற்றுக்குள் புகுந்திருந்தால் ஒருமுறை இறைத்துச் சேற்றை அள்ளிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது அது தண்ணீரைத் தேற்றவில்லை; அதிகம் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பையும் மேலே இழுத்துவிடும். அடுத்த மழைக்காலத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் தெருவுக்குப் பொதுவாக ஒரு நோட்டுப் புத்தகமும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டரும் வேண்டும். வடிகால் வாயின் பக்கச் சுவரில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அலைக் கால அட்டவணையில் எத்தனை மீட்டர் என்று போட்ட நாளில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடுகிறது என்று நாலைந்து முறை குறித்துவிட்டால், பிறகு அட்டவணையைப் பார்த்தே எந்தத் தேதியில் தெரு நனையும் என்று முன்கூட்டிச் சொல்லலாம். அட்டவணையின் உயரம் வேறொரு அடிமட்டத்திலிருந்து அளந்தது. உங்கள் தரைமட்டத்தோடு நேராக ஒப்பிட்டால் தவறும், அதனால்தான் இந்தக் கோடு.

கிணறுகளை மாதம் இருமுறை, ஒரே நேரத்தில், மோட்டார் போட்டு அதே பத்தாவது நிமிடத்தில் அளந்து எழுதுங்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும். 1000ஐத் தாண்டினால் நாக்கே சொல்லிவிடும். தனி எண்ணைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம். மழையில்லா மாதத்தில் மூன்று அளவீடு தொடர்ந்து ஏறினால் அந்தக் கிணற்றையும் அடுத்திருக்கும் இரண்டையும் பாதி இறைப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் மீட்டரின் முனையை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். முந்தின கிணற்றின் உப்பு அடுத்த வீட்டுக் கணக்கில் ஏறிவிடக் கூடாது.